ஜெனரலுக்கு அப்பா தந்த நற்சான்று

14 செப்டம்பர் 1997, ஞாயிறு. சான்டா கிளாரா.

மதியம் நண்பன் முரளி வீட்டில் சாப்பாடு. இந்தியாவுக்குப் பத்து வருஷம் மிலிட்டரி ரூல் வந்தால்தான் உருப்படும் என்று அவன் வழக்கமான பாட்டை ஆரம்பித்தான். ஊரிலிருந்து வந்து என்னோடு தங்கியிருக்கும் அப்பாவும் தலையாட்டினார்.

"பர்மாவுல ஜெனரல் வந்தப்புறம்தான் எங்க தெருவே சுத்தமாச்சு. ஆபீஸுக்கு ஒருத்தன் லேட்டா வரமாட்டான்."

ரங்கூனில் அப்பாவின் கடையைப் பிடுங்கியது அந்த ஜெனரலின் ஆட்சிதான். கப்பல் ஏறும்போது சுங்கக்காரர்கள் அம்மாவின் தோட்டைக்கூட விடவில்லை.

காரில் ஏறியதும் கத்திவிட்டேன். "உங்களை விரட்டினவனுக்கு நீங்களே சர்டிபிகேட் குடுக்கறீங்களே, வெக்கமா இல்லையாப்பா?"

"தெரு சுத்தமாத்தாம்மா இருந்துச்சு. அதை இல்லைன்னு சொல்லணுமா?" என்றார்.

வழியில் பால் வாங்க ஒரு பெரிய மொத்தக் கடைக்குப் போனோம். வெளியே வரும்போது, வாசலில் பில்லைச் சரிபார்க்கும் பெண் கையை நீட்டினாள். நான் பைக்குள் பில்லைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், அப்பா தன் வாட்சையும் மோதிரத்தையும் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்திருந்தார்.

"நோ, நோ, சார்" என்று சிரித்தபடி அவள் திருப்பிக் கொடுத்தாள். வீடு வரும்வரை அப்பா இரண்டையும் கைக்குள் பொத்தியே வைத்திருந்தார்.

வாட்சைக் கட்டிக்கொண்டு படுக்கப் போய்விட்டார். மோதிரம் இன்னும் சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது. அதை எடுத்துப் போய் அவரிடம் நீட்ட எனக்குக் கை வரவில்லை.