தங்கை கொடுத்த பிளேட்லெட்

மார்ச் 6

அன்புத் தங்கச்சிக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதி உன் அத்தான் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஆபரேஷன் தையலும் காய்ச்சலும் என்னை இங்கேயே கட்டிப்போட்டிருக்கின்றன. பிறந்து நாலு நாளான பாப்பாவோ ஊரின் அந்தக் கோடியில், பெரிய ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டியில்.

நீ கொடுத்த பிளேட்லெட்டை ஏற்றியதும் பதினோராயிரமாக இருந்த எண்ணிக்கை எண்பதாயிரமாகிவிட்டதாமே. சந்தோஷம். வயிற்றில் இருந்தபோதே அவளுடைய பிளேட்லெட்டை என் ரத்தம் அந்நியம் என்று நினைத்து அழித்திருக்கிறதாம். பெற்றவள் ரத்தம் அழிக்கிறது, சித்தி ரத்தம் காப்பாற்றுகிறது. நல்ல கூத்து.

தினமும் போகிறாயாமே? லீவு போட்டு அலையாதே. ஓய்வெடு.

அக்கா

மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

உன் "ஓய்வெடு" எனக்குப் புரியாதா? பாப்பா காலில் இருந்த சிவப்புப் புள்ளிகள் மங்கிவிட்டன. உன்னைப் போலவே வாயைக் கோணிக்கொண்டு கொட்டாவி விடுகிறாள்.

ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். நேற்று நர்ஸ், "அம்மா, கையக் கழுவிட்டு வாங்க, தலைய மெதுவாத் தொடலாம்" என்றார். நான் அம்மா இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் வெளியே நிறுத்திவிடுவார்களோ என்று பயம். பொய் சொல்ல மாட்டேன், கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது.

தங்கச்சி

மார்ச் 8, காலை

அக்கா,

இன்று எண்ணிக்கை மறுபடி இருபத்திரண்டாயிரம். அடித்துப் பிடித்து ரத்த வங்கிக்கு ஓடினேன். "அம்மாவே குடுக்கறேன்னு சொல்லிட்டாங்க. காய்ச்சல் விடட்டும், சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன் பிளேட்லெட்டையே, அவளுடையதை அழிக்கும் சத்து போகும்படி கழுவி, ஏற்றலாம் என்று டாக்டர் ஒரு பேச்சுக்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டாயாமே.

அதற்குள் அவள் மூளையில் ரத்தம் கசிந்தால்? என்னைத் திருப்பி அனுப்பியது உன் காய்ச்சலா, நீயா?

மார்ச் 8, மதியம்

அடி தங்கச்சி,

நான்தான். உன் உடம்புக்காகச் சொல்லவில்லை, பொறாமை. நான் பெற்றேன், நீ தொட்டாய். என் குழந்தையை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அவள் உடம்பில் இன்னொரு முறை நீ ஓடுவதை என்னால் தாங்க முடியவில்லை. அதற்காக அவளையே பணயம் வைத்திருக்கிறேன். எழுதவே கை கூசுகிறது.

உன் கடிதத்தைப் படித்தவுடன் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டேன். "தங்கச்சிகிட்டயே எடுத்துக்குங்க, இப்பவே எடுங்க" என்றேன். இந்நேரம் உன்னைக் கூப்பிட்டிருப்பார்கள். இது வரும்போது உன் ஒரு கையில் ஊசி இருக்கும். தாளைத் திருப்பக் கஷ்டப்படுவாய் என்றுதான் ஒரே பக்கத்தில் எழுதுகிறேன்.

போய்ப் பார். தலையைத் தொடு. நர்ஸ் அம்மா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துக்கொள். ஆனால் பெட்டியைத் திறந்து, "தூக்கிக்கிறீங்களா?" என்று கேட்கும் நாள் வந்தால் மட்டும், வேண்டாம் என்று சொல்லிவிடு. அது ஒன்றையாவது எனக்கு விட்டு வை.

பொறாமை இன்னும் போகாத,
உன் அக்கா