ஹாஸ்டல் வேண்டாம் என்று எழுதியது

சௌமியா,

காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டேன். குக்கரில் தக்காளிச் சோறு இருக்கிறது, சாப்பிடு.

பெங்களூர் டிசைன் காலேஜ் உதவித்தொகைப் படிவத்தில் ஹாஸ்டல் வேண்டாம் என்று எழுதியது நான்தான். நிறையக் கேட்டால் எதுவுமே தரமாட்டார்களோ என்று பயந்து, ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாய் என்று எழுதிவிட்டேன். படிப்புக்கு உதவி கிடைத்துவிட்டது, ஹாஸ்டலுக்கு இல்லை. காலேஜ் ஸ்டுடியோவில் செய்முறை வேலை முடிய ராத்திரி ஒன்பதாகும், மார்க் குறைந்தால் உதவியும் நின்றுவிடும் என்று அங்கே படிக்கும் ஒரு பெண் நேற்றுதான் சொன்னாள்.

ராத்திரி, உள்ளூர்க் காலேஜே போதும் என்றதும், "எதுக்கெடுத்தாலும் உனக்குப் பயம்மா" என்று கத்தினாய். ஆமாம், பயம்தான். உள்ளூர்க் காலேஜில் உதவி கிடையாது, ஆனால் ஐந்து மணிக்கு வீட்டில் இருப்பாய்.

வருகிறாயா இல்லையா என்று சாயங்காலத்துக்குள் பெங்களூருக்குப் பதில் சொல்லவேண்டும்.

அம்மா

பின்குறிப்பு: முதலில் பெங்களூருக்குப் போன் செய்து, ஹாஸ்டலுக்கும் உதவி கிடைக்குமா என்று நீயே கேள். அம்மா தப்பாக எழுதிவிட்டாள் என்று சொல். நான் பேசினால், கிடைத்த உதவியும் போய்விடுமோ என்று பயந்து பாதியிலேயே போனை வைத்துவிடுவேன்.