பதினெட்டு கஜம்

14-5-1978, ஞாயிறு

இறுதி ஆட்டம் முடிந்தது. கள்ளக்குறிச்சி ஒன்று, தியாகதுருகம் பூஜ்யம். கோப்பை நம் ஊரிலேயே தங்கிவிட்டது. சந்தோஷமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். மைதானத்துக் கூச்சல் இன்னும் காதில் நிற்கிறது.

முதல் பாதியில் கோடை மழை பதினைந்து நிமிடம் கொட்டிவிட்டுப் போனது. சுண்ணாம்புக் கோடெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. கமிட்டியில் கோடு என் பொறுப்பு. ஊரில் கயிற்றுக் கடை வைத்திருப்பவனை வேறு எதற்குக் கூப்பிடுவார்கள்? ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு கஜத்தில் முடிச்சுப் போட்ட என் சணல் கயிறு கோல் கம்பத்தடியில் மழையில் கிடந்தது. எடுத்து உதறி, இழுத்துப் பிடித்து, இடைவேளைக்குள் இரண்டு பக்கமும் கோல் கோட்டிலிருந்து பதினெட்டு கஜத்துக்குப் பெனால்டி பாக்ஸை மறுபடி போட்டுவிட்டேன். அவசரத்திலும் வேலை சுத்தம்.

கடைசி இரண்டு நிமிடத்தில்தான் வினை. தியாகதுருகத்து பூமாலை பந்தோடு பாய்ந்து வந்தான். கல்வராயன் மலைக்காரன், கீழே இறங்கி வந்து கரும்புக் கட்டு ஏற்றிப் பிழைப்பவன். நம் ஆள் ஒருவன் அவன் காலை வாரிவிட்டான். ரெஃப்ரீ அரங்கநாதன் விசில் ஊதினார். எல்லோரும் பெனால்டி என்று நினைக்க, கோட்டுக்கு வெளியே கையைக் காட்டி ஃப்ரீ கிக் கொடுத்தார். பந்து கம்பத்துக்கு மேலே போனது. பூமாலை ஓடிப்போய் அரங்கநாதன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். நாலு பேர் சேர்ந்து பிரிக்க வேண்டியிருந்தது.

அரங்கநாதன் என்னோடு படித்தவர், டிரில் மாஸ்டர். அவருக்காகக் கஷ்டமாக இருக்கிறது.

15-5-1978

காசிநாதன் டீக்கடையில் காலையிலிருந்து இதே பேச்சு. ஒன்றல்ல, இரண்டு பெனால்டியை ரெஃப்ரீ முழுங்கிவிட்டாராம். முதல் பாதியில் நம் பேக் ஆட்டக்காரன் கையில் பந்து பட்டது ஒன்று. அது கை இல்லை, தோள். நான் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தவன். அதை ஒருவாறு ஒத்துக்கொண்டார்கள். இரண்டாவதுதான் ஓயவில்லை.

லோடு ஏற்ற வந்த பூமாலையும் அங்கே வந்துவிட்டான். சத்தம் போடவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்: "ஏழு வருசமா இந்த கோல்ல ஆடிக்கினு கீறேன். கண்ண மூடிக்கினு சொல்லுவேன். நான் வுழுந்தது உள்ளதான். பாக்ஸுதான் சின்னதா இருந்துச்சு."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "பாக்ஸ் இன்னா காடாத் துணியா, நனைஞ்சா சுருங்கறதுக்கு?" என்றேன். கடையே சிரித்தது. காசிநாதன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

18-5-1978

சாதுல்லா தன் ஸ்டூடியோ கண்ணாடியில் போட்டோவை ஒட்டிவிட்டார். அந்த நிமிடத்தில் எடுத்தது. பூமாலை கால் வாரப்பட்ட இடம், பக்கத்தில் வெள்ளைக் கோடு, எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. ஒன்றரை அடி வெளியே.

அரங்கநாதன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் சொன்னார். ஓட்டலுக்குக் கூட்டிப்போய் இட்லி வாங்கிக் கொடுத்தேன்.

பேச்சு அடங்கிவிட்டது. அடங்கியது என்றால், பூமாலை பக்கம் திரும்பிவிட்டது. பொய்யன் என்கிறார்கள். லாரி மேல் நிற்கிறவனைப் பார்த்து, "பாக்ஸ் எவ்ளோ சின்னது பா இன்னிக்கு?" என்று கேட்கிறார்கள்.

21-5-1978, ஞாயிறு

சட்டையைப் பிடித்ததற்கு அரங்கநாதன் கொடுத்த புகார் மேல் கமிட்டி கூடியது. பூமாலையை ஒரு வருஷம் விலக்கி வைத்தாயிற்று. பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டால் மூன்று மாதத்தோடு விடலாம் என்று தலைவர் இறங்கி வந்தார். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "சட்டையப் புடிச்சது தப்புங்க. கால்ல வுழச் சொன்னா வுழறேன். ஆனா நான் உள்ளதான் வுழுந்தேன்" என்றான். சரியான பிடிவாதக்காரன்.

தென்னாற்காடு மாவட்ட அணியில் இந்த வருஷம் அவன் பெயர் நிச்சயம் என்று இருந்தது. ஜூன் 15-க்குள் இங்கிருந்து கடலூருக்கு லிஸ்ட் போக வேண்டும். இனி எங்கே.

நானும் கை தூக்கினேன்.

1-6-1978

பூமாலை மலைக்கே போய்விட்டானாம். சாமை விதைக்கிற சமயம்.

8-6-1978

சாயங்காலம் நல்ல மழை. புழக்கடையில் துணிக்கொடி கட்டிய ஆணி பிடுங்கிக்கொண்டு வந்து, துவைத்த துணியெல்லாம் சேற்றில். கொடி நம் கடைச் சணல் கயிறுதான். நேற்றுகூட அது தொய்ந்து, வேட்டி தரையில் புரண்டது. ஆணியை யார் அசைத்தது என்று கத்தினேன்.

என் மனைவி மெஹ்ராஜ் துணியை அலசிக்கொண்டே, "யாரும் அசைக்கல. மழைல நனைஞ்சா இந்தக் கயிறு இழுத்துக்கும், வெயில்ல தொங்கும். எப்பவும் அப்படித்தான். கயிறு விக்கறவருக்குத் தெரியாதா இன்னா?" என்றாள்.

ஒரு பக்கெட் தண்ணீரைத் தலையில் ஊற்றின மாதிரி ஆகிவிட்டது.

இருக்காது. என் கயிறு அந்த மாதிரி கயிறு இல்லை.

9-6-1978, வெள்ளி

தொழுகை முடிந்து வந்து கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டேன். முடிச்சுக் கயிற்றை இரும்பு டேப்பால் அளந்தேன். பதினெட்டு கஜம், ஐம்பத்துநாலு அடி. ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. தொட்டியில் ஊறப்போட்டு, எடுத்து, அன்று இழுத்த மாதிரியே இழுத்து அளந்தேன்.

ஐம்பத்தொன்று.

மூன்று முறை அளந்தேன். ஐம்பத்தொன்றுதான். மூன்றடி போயிருக்கிறது. போட்டோவில் அவன் கால் கோட்டுக்கு வெளியே ஒன்றரை அடி. அப்படியென்றால் உண்மையான பாக்ஸுக்கு உள்ளே ஒன்றரை அடி. ஏழு வருஷம் ஆடினவன் கால் அளந்தது சரி. இருபது வருஷம் கயிறு விற்றவன் கை அளந்தது தப்பு.

இத்தனை வருஷத்தில் இது எப்படித் தெரியாமல் போனது? நான் எடைக்கு வாங்கி எடைக்கு விற்கிறவன். ஈரச் சரக்கு எடை கூடும் என்று சிப்பத்துக்குள் கையை விட்டுப் பார்த்துதான் வாங்குவேன். நீளத்தைப் பற்றி நினைத்ததே இல்லையே.

பாவி, காடாத் துணின்னு வேற சொன்னேனே. எல்லாரும் சிரிச்சாங்களே.

12-6-1978

அரங்கநாதனிடம் மட்டும் சொன்னேன். "தரையில இருந்த கோட்டப் பாத்துதான் நான் ஊதினேன். அதுல என் தப்பு இல்ல" என்றார். உண்மைதான். சட்டையைப் பிடித்தது தனிக் குற்றம் என்றார். அதுவும் உண்மைதான். இப்போதுதான் ஊர் வாய் ஓய்ந்திருக்கிறது, மறுபடி கிளப்ப வேண்டுமா, யோசித்துச் செய் என்றார்.

யோசிக்கிறேன். கயிற்றுக் கடைக்காரனுக்குக் கயிறு தெரியாது என்று ஆகிவிட்டால் கடையை யார் மதிப்பார்கள்? இதை யோசனை என்று சொல்லலாமா, பயம் என்று சொல்லலாமா?

15-6-1978

லிஸ்ட் கடலூருக்குப் போய்விட்டது. இன்று கமிட்டிக்குப் போக நினைத்தேன், சரக்கு வந்துவிட்டது – பொய். சரக்கு நேற்றே வந்து இறங்கிவிட்டது.

17-6-1978

இன்று மலைக்குப் போய் வந்தேன். கச்சிராயபாளையம் வரை பஸ், அப்புறம் ஒரு ஜீப், அப்புறம் நடை. பூமாலை கொல்லையில் சாமை விதைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தான், வாங்க என்று சொல்லவில்லை. வரப்பில் நின்றபடியே கயிறு, மழை, ஐம்பத்தொன்று எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன்.

கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சிது பாய்?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. எட்டு நாளாச்சு என்றேன்.

"லிஸ்டு முந்தாநாளு போச்சு."

"ஆமாம்."

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி, கொல்லையின் அந்தக் கோடிவரை விதைத்துக்கொண்டே போனான். நான் அங்கேயே நின்றேன். எனக்கு அழுகை வந்தது, எழுத வெட்கமாக இருக்கிறது. திரும்பி வந்து சொன்னான்: "இங்க வந்து என்கிட்ட சொல்லி இன்னா பாய் ஆவப்போவுது? எனக்குத்தான் முன்னமே தெரியுமே. சிரிச்சீங்க இல்ல, அந்த டீக்கடையில போய் சொல்லுங்க."

18-6-1978, ஞாயிறு

சொல்லிவிட்டேன். காலை ஒன்பது மணி, கடை நிறையக் கூட்டம். காசிநாதனிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டேன். காய்ந்த கயிற்றை ரோட்டோரம் நீட்டி அளந்து காட்டினேன். அப்புறம் ஊறப்போட்டேன். ஊறும்வரை எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் இருக்கிறதே, கழியவே இல்லை.

ஈரக் கயிற்றை அளக்கத் தனி ஆளாகத் திண்டாடினேன். அரங்கநாதன் எப்போது வந்தார் என்று தெரியாது. டேப்பின் மறு முனையைக் குனிந்து பிடித்தார். ஐம்பத்தொன்று என்று அவரே உரக்கப் படித்தார். சாதுல்லா எழுந்து போய் ஸ்டூடியோ கண்ணாடியிலிருந்து போட்டோவைக் கிழித்தார்.

பின்னாலிருந்து யாரோ, "இன்னா பாய், கயிறு காடாத் துணியா?" என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நியாயம்தானே. நின்று வாங்கிக்கொண்டேன்.

20-6-1978

அரங்கநாதன் புகாரை வாபஸ் வாங்கினார். சட்டையைப் பிடித்ததற்கு ஒரு மாதம், அது முடிந்தே போயிற்று என்று எழுதிவிட்டார்கள். கோப்பை இங்கேயேதான் இருக்கும். கடலூர் லிஸ்ட்டில் இனி ஒன்றும் செய்ய முடியாதாம். நான் சும்மா இருந்த எட்டு நாளை யாரும் விசாரிக்கவில்லை.

12-5-1979, சனி

நாளை இறுதி ஆட்டம். இந்த வருஷமும் கள்ளக்குறிச்சி, தியாகதுருகம்தான். கோடு என் பொறுப்பில் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், இனிமேல் உன்னைவிட ஜாக்கிரதையாக யார் போடுவார்கள் என்று கமிட்டியில் விடவில்லை.

சாயங்காலம் இரும்பு டேப்போடு போனேன். கோல் கம்பத்தடியில் பூமாலை நின்றிருந்தான். பதினோரு மாதமாக என்னோடு பேசாதவன். கடைப் பக்கம் லோடு வந்தால்கூட எதிர்ச்சாரியில் நடந்து போய்விடுவான். டேப்பின் ஒரு முனையை வாங்கிக் கோல் கோட்டில் வைத்து, மேலே காலை ஊன்றிக்கொண்டான். நான் நடந்து போய் ஐம்பத்துநாலில் முளை அடித்தேன்.

மேற்கே மலைப் பக்கம் மேகம் கட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"மழை வந்தாலும் இதே டேப்புதான பாய்?"

இதேதான் என்றேன். எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றான். மறுபடி அளந்தோம்.