பதிவிறக்கத்துக்குப் பங்கு வைத்தவனுக்கு

1. இம்மடலை எழுதுபவர்: விருத்தாசலத்தில் வசிப்பவரும், இவ்வூர் நீதிமன்றத்தில் வழக்காடுபவரும், சிறு பீங்கான் தொழிற்கூடங்களின் சங்கத்துக்குச் சட்ட ஆலோசகருமான கொளஞ்சிநாதன் ஆகிய நான்.

2. இம்மடல் எழுதப்படுவது: அச்சங்கத்தின் உறுப்பினர் இணையதளத்தை உருவாக்கி, கடைசிவரை நடத்தி, சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்காலத்தில் எங்களை விட்டு மறைந்த என் கல்லூரித் தோழனாகிய உனக்கு. எந்தக் காகிதத்திலும் உன் பெயர் வருவதை நீ விரும்பியதில்லை. ஆகவே இதிலும் எழுதவில்லை.

3. நேரில் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் மட்டுமே இதில் எழுதுகிறேன். இதை எழுதும்படி எவரும் என்னைத் தூண்டவில்லை.

இன்று காலை என் கைப்பேசித் திரையில் ஒரு வாசகம் வந்து நின்றது. "இன்னைக்கு உங்க பங்கு முடிஞ்சிடுச்சிங்க. கதவ சாத்தல. கொஞ்சம் மெதுவாப் போவும், அவ்வளவுதான்." நீ எழுதிய வாசகம். சூளை ஏற்றுவது பற்றி நீ பேசிப் பதிவுசெய்த வீடியோக்களை, பாடத்துக்காக அல்ல, உன் குரலுக்காக, ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் நீயே வந்து என் வேகத்தைக் குறைத்தாய். தளத்தை இப்போது பார்த்துக்கொள்ளும் உன் மகளிடம் ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு மட்டும் தடையில்லாமல் திறந்துவிடுவாள். சொல்லவில்லை. அந்தப் பங்கு விதியை வரைந்த கை என்னுடையது. தனியே உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன் என்பதையும் பதிவுசெய்கிறேன்.

அந்த விதி வருவதற்கு முன் தளம் இருந்த நிலை உனக்கு நினைவிருக்கும். அச்சு வரைபடங்கள், மெருகுக் கலவைக் குறிப்புகள், சூளை வீடியோக்கள் என்று ஒரு கூடம் கண்டறிந்ததை மற்றக் கூடங்கள் சந்தா கட்டிப் பெற்றுக்கொள்ளும் இடமாக அதை நீ அமைத்திருந்தாய். ஆனால் சர்வரை வாடகைக்கு விட்ட நிறுவனம், மாதத்துக்கு இவ்வளவு தரவுதான் வெளியே போகலாம் என்று ஓர் அளவு வைத்திருந்தது. மாதம் பாதியைத் தாண்டும் முன்பே அந்த அளவு தீர்ந்துவிடும். பிறகு அடுத்த மாதம் பிறக்கும்வரை எல்லாருக்கும் வெள்ளைத் திரைதான். கார்த்திகைக்கு விளக்கு செய்யும் பருவத்திலும் அதே கதி. தளத்தை மூடிவிடலாம் என்ற தீர்மானம் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வரவிருந்தது.

நல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்து தொழிற்பேட்டையில் சின்னக் கூடம் நடத்தும் வளர்மதி, அந்தச் சமயத்தில்தான் உன் கணினிக் கடைக்குள் நுழைந்தார். நானும் அங்கு இருந்தேன்.

"அண்ணே, மயில் வெளக்கு அச்சு வேணும்னு தொறந்தா வெள்ளையா நிக்குது. என்னாத்துக்கு வச்சிருக்கீங்க, நான் கோலம் போடறதுக்கா?"

வரைபடத்தைப் பென்டிரைவில் போட்டுத் தருவதாக நீ சொன்னாய்.

"இன்னைக்குக் குடுப்பீங்க. நாளைக்கு வேறொண்ணு வேணும்னா மறுபடியும் ஒங்க கடை வாசல்ல வந்து நிக்கணுமா? அதுக்கு எதுக்குங்க தளம்? மூடிடுங்கன்னுதான் நான் கை தூக்கப் போறேன்."

பென்டிரைவை வாங்காமலே போனார். நீ அதைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தாய். சங்கத்தில் மிகச் சிறிய கூடங்களில் ஒன்று அவருடையது. அவர்களுக்காகவே நீ அந்தத் தளத்தைக் கட்டினாய். அவரே மூடச் சொல்லிவிட்டுப் போனது உன்னை எவ்வளவு தைத்தது என்பதை நான் ஊகிக்கத்தான் முடியும். ஊகத்தைச் சாட்சியமாக எழுதமாட்டேன்.

சிலருடைய கணக்குகளிலிருந்து தளம் முழுவதும் திரும்பத் திரும்ப இறக்கப்படுவதாகவும், அதில் ஒரு கணக்கு மற்றவற்றையெல்லாம் விழுங்கிவிடுவதாகவும் நீ சொன்னாய். நான் உடனே வழி கூறினேன். நோட்டீஸ் அனுப்புவோம், விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் சங்கத்திலிருந்து நீக்குவோம். வரைவைக்கூடத் தயாரித்துவிட்டேன்.

"வக்கீலு, எப்பப் பாத்தாலும் ஆள வெளிய தள்ளறதுலயே இருக்க. அவங்க என்ன திருடறாங்களா? சந்தா கட்டியிருக்காங்கடா. எறக்கறதுக்குன்னுதான வச்சிருக்கோம்?"

"சரி, அந்த ஒரு கணக்கு யாருடையது?"

"பேரு சொன்னா சண்ட வரும். விதி வராது."

அன்று மாலையே என்னை வண்டியில் ஏற்றிப் பொதுச்சூளைக்குக் கூட்டிப்போனாய். சரக்கோடு சூளைக்குள் போகவிருந்த தள்ளுவண்டியின் தட்டுகளில், கூடத்துக்கு ஒரு தட்டு என்று ஆட்கள் பொம்மைகளையும் விளக்குகளையும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓரமாகப் பெரிய சரக்கு ஒன்று காத்திருந்தது. யாருடையது என்று கேட்டேன்.

"சங்கத் தலைவரு கலியமூர்த்தியோடது. எல்லாரு தட்டும் ஏறின பொறவுதான் அவரு சரக்கு ஏறும். எடம் எவ்வளவு மிச்சமோ அவ்வளவு. பெரிய கம்பெனின்னு அவர யாரும் வெளிய தள்ளல, மத்தவங்க சரக்கும் வேகாம கெடக்கல. அவரே போட்ட மொறடா இது. இத அப்படியே எழுது."

சூளையின் வெக்கை முகத்தில் அடிக்க, அங்கேயே நின்று எழுதினேன். ஒவ்வோர் உறுப்பினருக்கும் நாள்தோறும் ஒரு பங்கு உண்டு. பங்கு தீர்ந்தவர் தடுக்கப்படமாட்டார். அவருடைய வேகம் மட்டும் குறையும். மாத முடிவில் எல்லாரும் எடுத்தது போக மிச்சம் இருந்தால், கூடுதலாக வேண்டுவோருக்கு அது திறந்துவிடப்படும். என் தொழில்வாழ்வில் நான் எழுதிய மிகச் சிறிய விதி அது. அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்ததும் அது ஒன்றுதான்.

பொதுக்கூட்டம் சங்கக் கட்டடத்தின் மாடியில் நடந்தது. கலியமூர்த்தி ஒலிபெருக்கியைக் கையில் பிடித்ததுமே கொதித்தார்.

"எவன் அவன்? பேர சொல்லு தம்பி! இன்னைக்கே சங்கத்த விட்டுத் தூக்கிடுவோம்!"

"பேரு வேணாங்க தலைவரே. பங்கு வச்சாப் போதும்."

"பங்கு வச்சா அவன் திருந்துவானா? வக்கீல் தம்பி, நீக்கறதுக்குன்னு ஏதோ எழுதி வச்சிருக்கீங்களாமே, அத எடுங்க மொதல்ல."

அந்த வரைவு என் பைக்குள்தான் இருந்தது. உன்னைப் பார்த்தேன். நீ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போது தலைவர் அவையைப் பார்த்துத் தொடர்ந்தார்.

"இந்தத் தளம் எப்பப் படுக்கும், எப்ப எழுந்திருக்கும்னு எவனுக்குத் தெரியுது? நான் உஷாரா இருக்குறேன். நம்ம கம்பெனிக் கம்ப்யூட்டர்ல சொல்லி வச்சாச்சி. தெனம் காலைல, மொதல்லேருந்து கடைசி வரைக்கும், அதுவா எறக்கிக்கும். நீங்களும் அந்த மாதிரி உஷாரா இருக்கணும்!"

பின் வரிசையில் வளர்மதி எழுந்தார்.

"தலைவரே, ஒண்ணு கேக்கட்டுங்களா? தெனமுமா?"

"தெனமும்!"

"மொத்தமுமா?"

"மொத்தமும்தாம்மா!"

"அப்ப நாம தேடுற ஆளு வந்துட்டாரு. மைக்கு புடிச்சிப் பேசிக்கிட்டு இருக்குறாருங்க."

மாடி அதிரும்படி எழுந்த அந்தச் சிரிப்பை எந்த நடவடிக்கைக் குறிப்பிலும் நான் சேர்க்கவில்லை, இங்கே சேர்க்கிறேன். தளம் படுத்துவிடும் என்ற பயத்தில் அவர் நாள்தோறும் முழுவதையும் இறக்கினார். அவர் இறக்கியதால் தளம் படுத்தது. அது படுக்கப் படுக்க அவர் மேலும் உஷாரானார்.

"சங்கத்துப் பொருளு பத்திரமா இருக்கட்டும்னுதானய்யா செஞ்சேன்," என்றார், குரல் இறங்கி. அதில் பொய் இல்லை. பிறகு என் பக்கம் சாய்ந்து, "செரி, தலைவருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு போட்டுடுங்க, வக்கீல் தம்பி," என்றார்.

நான் எழுந்தேன். "ஐயா, இந்த விதியில் யாருக்காவது விதிவிலக்கு எழுதவேண்டுமானால், அதை வேறொருவர் எழுதட்டும்," என்றேன். எச்சரிக்கையே தொழிலாகக் கொண்டவன் நான். அவ்வளவு பேர் முன்னிலையில் அவ்வளவு நேராக அதற்கு முன் பேசியதில்லை. உடனே நீ, ஏதோ டீ வேண்டுமா என்று விசாரிப்பவனைப் போல, அவரைக் கேட்டாய்.

"தலைவரே, சூளையில ஒங்க சரக்கு எப்பங்க ஏறுது?"

"எல்லாரு தட்டும் ஏறின பொறவு. ஏன்?" கேட்டவர் நிறுத்தினார். விதியை எழுதியிருந்த தாளை வாங்கி மெல்லப் படித்தார். "அட, இது நான் போட்ட மொறதான!"

முதலில் உயர்ந்த கை அவருடையது. கடைசியாக உயர்ந்தது வளர்மதியுடையது. "கதவ சாத்தாதுல்ல?" என்று உன்னிடம் உறுதி வாங்கிக்கொண்ட பிறகே தூக்கினார். தளத்தை மூடும் தீர்மானத்தை முன்மொழிய ஒருவரும் இல்லாமல் போயிற்று. கீழே இறங்கியதும் என் பையிலிருந்த நீக்கல் வரைவை உருவி, அதில் பஜ்ஜி வைத்துத் தின்றாய்.

மறு மாதம் பிறந்ததும் உன் கைப்பேசியில் வளர்மதியின் குரல் கடையெல்லாம் கேட்டது. "அண்ணே, மயிலு வந்துட்டுது! தோகையோட வந்துட்டுது!" அந்த மாதத்தின் கடைசி நாளில் நான் நீதிமன்றத்திலிருந்து நேரே உன் கடைக்கு வந்தேன். தளம் திறந்திருந்தது. நீ மேசையை வாசலுக்குத் தள்ளி, திரையைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தாய்.

பஸ்ஸுக்கு நின்றவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "என்னாங்க, கிரிக்கெட்டா?"

"இல்லீங்க. எங்க தளம். தொறந்திருக்குது."

வெற்றி பெற்றவர்களை நீதிமன்ற வளாகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். யாரும் தோற்காத வெற்றியை அன்றுதான் பார்த்தேன்.

நீ போன பிறகும் ஒரு மாதம்கூடத் தளம் வெள்ளையாக நின்றதில்லை. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறொன்று. சேத்தியாத்தோப்பில் அண்ணன் தம்பி இருவர், ஒரே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்காக, ஒருவர் என்னிடமும் மற்றவர் வேறொரு வழக்கறிஞரிடமுமாக வந்தார்கள். தடை உத்தரவு கேட்டு மனு எழுதத் தொடங்கினேன், கை நின்றது. இருவரையும் உட்காரவைத்துப் பங்கு எழுதினேன், மிச்சம் யாருக்கு என்பதையும் சேர்த்து. ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். "தடுக்கப்படுகிறது" என்று எழுதும் இடத்திலெல்லாம் இப்போது என் பேனா ஒரு கணம் நிற்கிறது. அந்த ஒரு கணம் நீ எனக்கு விட்டுப்போனது. அதில் யாருக்கும் பங்கு தருவதாக இல்லை.

இதுவரை எழுதியதைச் சங்கத்தில் வாசித்துக் காட்டினேன். தானும் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன் என்று கலியமூர்த்தி பிடிவாதம் பிடித்தார். விதியால் பாதிக்கப்பட்டவர் சாட்சியாவதற்குத் தடை ஏதும் இல்லை என்று விளக்கினேன்.

"பாதிக்கப்பட்டவனா? யாருய்யா பாதிக்கப்பட்டவன்? செயிச்சவங்கள்ல ஒருத்தன்னு போடுய்யா!"

அவ்வாறே போடப்பட்டது.

விருத்தாசலம்

(ஒப்பம்) கொளஞ்சிநாதன், வழக்கறிஞர்

சாட்சிகள்:
வளர்மதி, தொழிற்கூட உரிமையாளர்
கலியமூர்த்தி, சங்கத் தலைவர், செயிச்சவங்கள்ல ஒருத்தன்