அம்மாவின் பெயரைக் குழாயிலிருந்து எடுத்தேன்

என்னைப் பெற்று, இந்தத் தெருக் கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றி ஆளாக்கிய என் அம்மாவுக்கு,

உன் மகன் எழுதுகிறேன். நீ மவுத்தாகி ஏழாவது வருஷம் நடக்கிறது. கபுருக்கு வரும்போதெல்லாம் உன்னிடம் நாலு வார்த்தை பேசத்தான் நினைப்பேன். துஆ ஓதி முடித்ததும் அப்படியே திரும்பி வந்துவிடுவேன். இந்தத் தடவை சொல்லியே ஆகவேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. ஊரும் கேட்கட்டும் என்றுதான் எழுத்தில் வைக்கிறேன்.

பள்ளிவாசல் கிணற்றடியில், குழாய்க்கு மேலே கல்லில் இருந்த உன் பெயரைப் போன வாரம் கொத்தி எடுத்தாயிற்று. எடுக்கச் சொன்னது நான். அதே இடத்தில் என் பெயரை வெட்டச் சொன்னதும் நான்தான். தெரு சும்மா இருக்குமா? "பெத்தவ பேரை அழிச்சுட்டுத் தம் பேரைப் போட்டுக்கிட்டான் பாரு" என்று டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். வேறு யாராவது வந்து உன்னிடம் கோள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் குழாய் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வந்தது அது.

உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டியது உன் மருமகள் ரஹ்மத்தும் பக்கத்து வீட்டு ஜைனம்புப் பெரியம்மாவும். எல்லோரும் கலைந்து போன பிறகு ரஹ்மத் என்னிடம் ஒன்று சொன்னாள். "மாமி உள்ளங்கையில கயித்துத் தடம் அப்படியே இருந்துச்சுங்க. அழுக்குன்னு நெனச்சு எம்புட்டோ தேச்சேன், போகவே இல்ல." அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாள் முதல் அந்தக் கிணற்றில் நீ கயிறு இழுத்திருக்கிறாய். உன் கையால் சோறு தின்றேன், அடி வாங்கினேன். அந்தக் கையை ஒரு நாளாவது திருப்பிப் பார்த்தேனா?

அந்த வருஷமே ஆட்டுத்தோல் வாங்கத் தொப்பம்பட்டிப் பக்கம் போனேன். அங்கே எனக்குப் பழக்கமான தோட்டக்காரர் ஒருவர் புதிதாகக் கரண்டு மோட்டார் போட்டிருந்தார். தோல் பேச வந்தவனை இழுத்துக்கொண்டு போய்க் கிணற்று மேட்டில் நிறுத்தினார். "ஏனுங்க பாய், இந்தச் சுவிச்ச ஒருக்கா போட்டுப் பாருங்க" என்றார். போட்டேன். தொடை தடிமனுக்குத் தண்ணீர் வந்து வாய்க்காலில் விழுந்தது. ஒரு மாடு இல்லை, ஒரு ஆள் இல்லை, யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. எனக்கு உன் நினைப்பு வந்துவிட்டது. திண்டுக்கல் பஸ் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன், இனி நம் தெருவில் எந்தப் பெண்ணும் கயிறு தொடக்கூடாது என்று.

என் செலவில் மோட்டார் வந்தது, தொட்டி கட்டினோம், நாலு குழாய் வைத்தோம். மேலே கல் பதித்து 'மர்ஹூமா மைமூன் பீவி நினைவாக' என்று வெட்டினோம். பள்ளிவாசல் இடத்தில் பொம்பளை பெயரா என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மாதத்திற்குள் தெருவே அதை மைமூன் குழாய் என்று கூப்பிட ஆரம்பித்தது. பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத் என் தோளில் கை வைத்து, இது ஆள் போன பிறகும் ஓடிக்கொண்டிருக்கிற தர்மம், யார் ஒரு வாய் குடித்தாலும் அதன் நன்மை கபுருக்கு வந்துகொண்டே இருக்கும் என்றார். அன்று நான் தெருவில் நடந்த நடையைப் பார்த்திருந்தால் நீ முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய்.

பிறகு நடந்ததைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. முதல் வருஷம் பெண்கள் குடத்தை அலம்பி, நிறைத்து, குழாயைத் திருகி மூடிவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் திருகுகிற பழக்கம் போய்விட்டது. ஒரு குடம் நிறைவதற்குள் இரண்டு குடம் தண்ணீர் சாக்கடைக்குப் போகும். மோட்டாரைப் போட்டவர் மறந்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார், தொட்டி வழிந்து தெருவெல்லாம் ஓடும். பிள்ளைகளுக்கு அதில் காகிதக் கப்பல் விடுவது ஒரு விளையாட்டு. ஜட்கா வண்டிக்காரர்கள் அங்கேயே குதிரையையும் குளிப்பாட்டி வண்டியையும் கழுவினார்கள். கேட்டால், கரண்டுதானே இறைக்குது, உனக்கென்ன என்பார்கள். பணத்தைத் தண்ணீராகச் செலவழிக்கிறான் என்று ஊதாரியைச் சொல்வோமே. நாங்கள் தண்ணீரைச் செலவழித்ததை என்னவென்று சொல்வது?

நாங்கள், நாங்கள் என்கிறேன். என்னைத் தனியாகச் சொல்ல வேண்டாமா? கொடுத்தவன் என்ற உரிமையில் தொட்டியிலிருந்து நம் வீட்டுக்கு ஒரு குழாய் இழுத்துக்கொண்டவன் நான். வாங்கி வந்த தோலில் உப்பு அதிகம் என்றால் முற்றத்தில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவேன். வெயில் காலத்தில் மதியம் குழாய்க்கு அடியில் உட்கார்ந்து, உடம்பு குளிர்ந்த பிறகும் எழுந்திருக்காமல் இருந்திருக்கிறேன். நீ அரிசி கழுவின தண்ணீரை ஆட்டுக்கு வைப்பாய், முகம் கழுவின தண்ணீரை முருங்கைக்கு விடுவாய். சின்ன வயசில் நான் ஒரு செம்பைத் தட்டிவிட்டதற்கு நீ அடிக்கவில்லை. "ஏலே, நீ கொட்டுனது தண்ணி இல்லலே, என் கையி" என்றாய். எனக்கு அன்று அது விளங்கவில்லை.

மூன்றாம் வருஷம் கிணற்றில் யாரும் பார்த்திராத படிகள் வெளியே தெரிந்தன. வெட்டு ஆட்களைக் கூட்டிவந்து ஆழப்படுத்தினோம். அடுத்த கோடையில் மறுபடியும். அக்கம்பக்கத்து வீட்டுக் கிணறுகளும் இறங்கிவிட்டன, அவர்களும் இப்போது மைமூன் குழாய்க்குத்தான் வருகிறார்கள். மழை பொய்த்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தோம். நீ இருக்கும்போதும் மழை பொய்த்திருக்கிறது அம்மா, நம் கிணறு இப்படி ஒட்டியதில்லை. இந்தப் பங்குனியில் ஒரு நாள் காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. செத்த நேரம் இருமிவிட்டு அதுவும் நின்றது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. முந்தி இருந்தவர்கள் இப்படியா செய்தார்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. மோட்டாரைக் கழற்றிவிட்டு மறுபடியும் ராட்டினம் மாட்டிவிடலாம், ஊறுகிற தண்ணீரை இறைத்துக்கொள்ளலாம், என் அம்மா அம்புட்டுச் சிக்கனமாக இருந்து குடும்பம் நடத்தவில்லையா என்று கிணற்றடியில் குடத்தோடு நின்ற பெண்களிடம் சொன்னேன். ஜைனம்புப் பெரியம்மா குடத்தைக் கீழே வைத்தார்.

"ஏலே காதரு, உங்கம்மா சிக்கனமா இருந்துச்சுன்னா சொல்றே? அது கை வலிதான்லே. ஒரு குடம் கூட இழுக்கத் தெம்பு இருந்திருந்தா அவளும் ஊத்தியிருப்பா, நானும் ஊத்தியிருப்பேன். இந்தத் தெருவுல அவ மேலுக்கு நெறையத் தண்ணி ஊத்துனது மவுத்தான அன்னைக்கு மட்டுந்தான். நான்தான் ஊத்துனேன். ராட்டினத்தை மாட்டு, வேணாங்கல. நீ வந்து இழுக்கிறியா?"

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது நிலக்கோட்டை ஞாபகம் வந்தது. உன் தங்கை சாச்சி வீட்டுக்கு நாம் போயிருந்தோமே, மல்லிகைத் தோட்டத்துக் கிணறு மேல்மட்டம் வரை நிறைந்து கிடந்தது. குனிந்தால் செம்பில் மொள்ளலாம். நீ அங்கே குளிக்கப் போய் வரவேயில்லை. என்னவோ ஏதோ என்று சாச்சி பார்த்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நீ படியில் உட்கார்ந்து மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாய், சிரித்துக்கொண்டே. பாதித் தண்ணீர் உன் மேல் விழவேயில்லை. அன்றைக்கு இருந்தது யார் அம்மா? செம்பைக் கொட்டினால் திட்டுகிற நீயா, வேறு ஒருத்தியா?

என்னைப் பெற்ற அத்தாவையும் நினைத்துப் பார்த்தேன். அத்தா வாலிபத்தில் தோல் பதனிடுகிற தோல்ஷாப்புக்கு ஆவாரம்பட்டை வண்டி அடித்தவர். ஊரைச் சுற்றி மஞ்சள் பூத்துக் கிடந்த காட்டை எல்லாம் வெட்டி, உரித்து, பட்டையை எடுத்துக்கொண்டு குச்சியை அப்படியே எறிந்துவிட்டு வருவார்களாம். பக்கத்தில் தீர்ந்ததும் வண்டி தூரமாகப் போனது. அதைப் பெருமையாகத்தான் சொல்வார். அப்படியென்றால் யார் அதிகம் வீணாக்கியது, நீங்களா நாங்களா? கை எட்டியதை எல்லாத் தலைமுறையும் வாரித்தான் இருக்கிறதா, எங்களுக்குக் கை நீண்டுவிட்டது, அவ்வளவுதானா? யாராவது பதில் சொன்னால் தேவலை.

தொப்பம்பட்டிக்குப் போனபோது அந்தத் தோட்டக்காரரிடமும் கேட்டேன். அவர் கிணறும் இறங்கிக் கிடந்தது. வெடி வைக்கக் கிணற்றுப் பாறையில் துளை போட்டுத் தமரடித்துக்கொண்டிருந்தார்கள். "மாடு கட்டி எறைச்சப்ப, மாடு களைச்சா நாங்க நிறுத்தீருவோம்ங்க பாய். இது களைக்க மாட்டேங்குதுங்களே" என்றார். நிறுத்தி வைத்தால் என்ன என்றேன். "நான் நிறுத்துனா பக்கத்துத் தோட்டத்துக்காரரு நிறுத்துவாருங்களா? அந்தத் தண்ணியும் அவருக்குத்தான் போகும்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்கும் அவர் மேல் கோபம் வரவில்லை.

போன மாதம் ஜமாஅத் கூடியது. மோட்டாரைப் பூட்டிவிட்டு ராட்டினம் மாட்டுவதா, இன்னும் ஆழமாக வெடி வைத்துப் பெரிய மோட்டார் இறக்குவதா? கொடுத்தவர் நீங்கள், நீங்கள் சொல்வதுதான் முடிவு என்று என்னைப் பார்த்தார்கள். எனக்கு நன்றாகத் தெரியும், ஆழப்படுத்தினால் இரண்டு வருஷம், மூன்று வருஷம். அதற்குள் அக்கம்பக்கத்தில் மிச்சம் மீதி இருக்கிற ஊற்றையும் அது இழுத்துவிடும். பிறகு எங்கே போவது? எல்லாம் தெரியும். ஆனால் ராட்டினம் மாட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இழுக்கப் போவது நானில்லையே. உன் பேத்திக்குப் பதினான்கு வயசு, அவள் கையைப் பார்த்துவிட்டுத்தான் கூட்டத்துக்கே போயிருந்தேன். ஆழப்படுத்துங்கள் என்றேன்.

கூட்டம் முடிந்ததும் ஹஜ்ரத்திடம் தனியாகப் போய்க் கேட்டேன். குடிக்கிற தண்ணீரின் நன்மை அம்மாவுக்குப் போகிறது என்றீர்களே, வீணாகிற தண்ணீர் யார் கணக்கில் போகும்? அவர் நல்ல மனுஷர், மனசு நோகச் சொல்ல மாட்டார். "ஆண்டவன் நிய்யத்தைத்தான், மனசுல இருக்கிற எண்ணத்தைத்தான் பார்ப்பான். நீங்க நல்ல நிய்யத்துலதானே கொடுத்தீங்க" என்றார். சொல்லிவிட்டு, டேங்கர் வண்டித் தண்ணீரை ஊற்றி வைத்திருந்த தொட்டியில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்தார். நானும் பக்கத்துக் குழாயை அதே மாதிரி திறந்துவிட்டுத்தான் செய்தேன். பாதியில்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவர் குழாயை மூடினார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

நிய்யத்து என்று அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. முதல் தடவை கொடுத்தபோது உன் கையை நினைத்துக் கொடுத்தேன், இப்படி ஆகும் என்று தெரியாது. அது நல்ல நிய்யத்துதான், அதன் நன்மை வந்திருந்தால் உன்னோடு இருக்கட்டும். இந்தத் தடவை தெரிந்தே கொடுக்கிறேன். என்ன ஆகும் என்று தெரிந்து, தடுக்கத் துப்பில்லாமல் கொடுக்கிறேன். இதை உன் பெயரில் எப்படிக் கொடுப்பேன்? அதனால்தான் கல்லைக் கொத்தச் சொன்னேன். கல் வேலைக்காரர் உளியை வைத்துக்கொண்டு, நிசமாகத்தானா என்று இரண்டு தடவை கேட்டார். மைமூன் என்ற எழுத்து உதிர்ந்தபோது நான் அழுதேன், அம்மா. பார்த்தவர்கள் அதையும் நடிப்பு என்றுதான் சொல்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை வெடி வைத்தார்கள். நேற்றுப் பெரிய மோட்டார் இறங்கியது. தண்ணீர் வந்துவிட்டது, நன்றாகவே வருகிறது. பெண்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஜைனம்புப் பெரியம்மா முதல் குடத்தைப் பிடித்துக்கொண்டு, நீ நல்லா இருப்பே என்று என்னை வாழ்த்திவிட்டுப் போனார். நம் வீட்டுக்கு வரும் குழாயை மட்டும் நான் அடைத்துவிட்டேன். அதனால் கிணற்றுக்கு ஒன்றும் ஆகிவிடப் போவதில்லை, எனக்கே தெரியும். இந்தக் கடிதத்தை எழுதும்போதும் தொட்டி வழிகிற சத்தம் கேட்கிறது. இரண்டு முறை போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தேன், யாரோ மறுபடியும் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. உனக்கு நான் கொடுக்க முடிகிற வாக்கு ஒன்றே ஒன்றுதான். மறுமையில் உன்னை எழுப்பி அந்தக் குழாய்த் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் நீ பயப்படாதே. எனக்கு ஒன்றும் தெரியாது, என் மகனைக் கேளுங்கள் என்று சொல்லிவிடு. ஒளிய மாட்டேன் அம்மா, நான் வந்து பதில் சொல்கிறேன்.

உன் பெயரை அழித்த உன் மூத்த மகன்,
காதர்
திண்டுக்கல்