கதவைத் திறப்பீர்களா என்று கேட்டவளுக்கு

இன்று காலை ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் சாப்பாட்டுப் பையிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசம் வந்தது. ஷிஃப்டுக்குப் போகிறவள். எதிரே இருந்தவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ இருந்திருந்தால், ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள் என்று அந்த ஆளிடமே நீட்டியிருப்பாய்.

தொண்ணூற்றொன்றில் உன் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து வந்த அந்த வாசத்தோடுதான் நாம் இருவரும் சுற்றினோம். ஏரி உடைந்தால் எந்த வீட்டுக்கு என்ன ஆகும் என்று கணக்கெடுக்கும் வேலை. ஒரு தொண்டு நிறுவனம் என்னை வாலாஜாபாத்திலிருந்து அனுப்பியது. ஏரிக்குக் கீழே இருந்த காலனியை அறிந்த ஆள் வேண்டும் என்று உன்னைச் சேர்த்துக்கொண்டது. உன் வீடே அங்கே கடைசிப் பள்ளத்தில்தான் இருந்தது. மண் சுவரா, கல் சுவரா? நடக்க முடியாதவர் யாராவது உண்டா? வெள்ளம் வந்தால் எந்தப் பக்கம் போவீர்கள்? நான் கேட்டு முடிப்பதற்குள் நீயே ஏதாவது பதில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துவிடுவாய். உன்னோடு வேலை செய்வது பெரிய பாடு.

அலுவலகம் தந்த வரைபடத்தில் மேடான இடம் என்று ஊர்த்தெருவைக் காட்டியிருந்தார்கள். கோயில், மண்டபம், மாடி வீடுகள் எல்லாம் அங்கே. காலனியிலிருந்து கூப்பிடு தூரம். எனக்கு அது போதும் என்றே பட்டது. நீதான் விடவில்லை.

"மேடு எங்க கீதுன்னு எங்களுக்குத் தெரியாதா? கதவத் தொறப்பாங்களான்னு போய்க் கேப்போம் வா."

போனோம். யாரும் நம்மை விரட்டவில்லை. எனக்கு டம்ளரில் மோர் வந்தது, உனக்கு வரவில்லை. அந்த ஊரில் ஒரு மாடி வீட்டுக்காரர் வைத்ததுதான் சட்டம். கேட்டவள் நீ, அவர் உன்னை ஏறிட்டும் பார்க்காமல் எனக்குப் பதில் சொன்னார். "மழ வரட்டும்மா, அப்பப் பாத்துக்கலாம்." மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய அதே பேச்சு. அப்படியானால் காலனிக்கு மேட்டில் இடம் கேட்டு எழுது என்றாய். அறிக்கையில் எழுதினேன். மழையைப் பற்றி எழுதச் சொன்னால் சாதியைப் பற்றி எழுதுகிறீர்களே என்று அலுவலகத்தில் அந்த வரியை அடித்துவிட்டார்கள்.

கடைசியாக உன் வீட்டுக்கு வந்தோம். ஊரையெல்லாம் கேட்டதை உன்னையும் கேட்டேன். நடக்க முடியாதவர் உண்டா என்றதற்கு, கட்டிலில் கிடந்த மாமியாரைக் காட்டினாய். வெள்ளம் வந்தால் எங்கே போவாய் என்றதற்கு மட்டும் நீ சிரிக்கவில்லை.

"ஏரிக்கர மேலதான். வேற போக்கு இன்னா கீது?"

ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. காலனியே கரைமேல் ஏறி நின்றது. ஊர்த்தெருப் பக்கம் ஒருவரும் போகவில்லை. மாமியாரை நீதான் தூக்கிக்கொண்டு ஏறினாய் என்றார்கள். பட்டப்பகலில், நீங்கள் நின்ற இடத்தில் கரை உடைந்தது. இரண்டு பேரையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

துக்கம் கேட்க வந்த அன்று அதே மாடி வீட்டுக்காரரைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது, நடிப்பில்லை. "வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா தொறந்திருக்க மாட்டோமா?" என்றார். கேட்டாளே, இதே வாசலில் நின்று கேட்டாளே என்றேன். நினைவில்லை என்றார். அந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்தப் பள்ளத்தில் இப்போது வரிசையாக வாடகை அறைகள். கம்பெனி வேலைக்கு எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள் தரைத்தளத்தில் நெருக்கியடித்துப் படுத்துக் கிடக்கிறார்கள். மாடிக்குப் போகும் இரும்புக் கதவில் பூட்டு; சாவி படப்பை ஊரில் குடியிருக்கும் வீட்டுக்காரரிடம். நான் இன்னும் இந்த வேலையில்தான் இருக்கிறேன். வரைபடம் இப்போது செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. உன் கேள்விக்கு மட்டும் அதில் இடம் கிடையாது, நான் வாயால் கேட்டுக்கொள்கிறேன். இன்று மதியமும் அந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, வெள்ளம் வந்தால் மாடியைத் திறந்துவிடுவீர்களா என்று கேட்டேன். பையன்கள் மாடியை நாசம் பண்ணிவிடுவார்கள் மேடம் என்றார்.

எத்தனையோ வாசல்களில் கேட்டுவிட்டேன். திறப்போம் என்று ஒரே ஒருவர் சொல்லியிருந்தால்கூட, உனக்கு அன்றைக்கே எழுதியிருப்பேன்.