முருகனுக்கு முதுகு காட்டாதவன்

பிப்ரவரி 9, ஞாயிறு

யாரும் நம்பப்போவதில்லை. இருந்தாலும் பினாங்குப் பாலத்தின் மேல் ஆணையாக எழுதிவைக்கிறேன்: தஞ்சோங் சிட்டி காற்பந்துக் குழு இந்தப் பருவத்தில் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பிப் பிழைத்தால், அதற்குக் காரணம் அந்தப் போர்ச்சுகல் பயிற்றுநர் அல்ல. பிறைத் தொழிற்பேட்டை ஆலையில் ஃபோர்மனாக இருந்து ஓய்வுபெற்று, சீனி முகம்மதின் நாசி கண்டார் சோற்றுக் கடையில் காலை முழுக்க உட்கார்ந்திருக்கும் ஜெயராஜ் ஆகிய நான்தான். வரலாறு இதை மறைக்கப் பார்க்கும். அதற்காகத்தான் இந்த எழுத்து.

இன்றைய போர் தற்காப்பு வரிசையைப் பற்றி. குடித்து முடித்த நான்கு தே கிளாஸ்களை வரிசையாக மேசையில் நிறுத்தினேன். பின்னால் ஒரு பால் டின். அது கோல்கீப்பர்.

"நானா, இந்த நாலு பேரும் நடுக்கோட்டுக்கிட்ட வந்து நிக்கணும். எதிராளிக்கு மூச்சு விட இடம் குடுக்கக் கூடாது. எவனாவது முந்திப் பின்னால ஓடுனா ஆஃப்சைடு!"

சீனி நானா கிளாஸ்களை ஒவ்வொன்றாக இழுத்து டின்னை ஒட்டி வைத்தார். "கோல் முன்னாடி சுவர் மாதிரி நிக்கச் சொல்லுலா. மேல ஏறி நின்னா, பின்னால கிடக்கிற இடத்துல லாரியையே திருப்பலாம்."

"என் ஹரீஷ் இருக்கான் நானா. பந்து அவனைத் தாண்டினதே இல்ல. போன வருஷம் ஒண்ணு தாண்டப் பார்த்துச்சு. இவன் முறைச்ச முறைப்புல காத்து இறங்கிப் போச்சு."

ஹரீஷ் என் தங்கை ஜெகதீஸ்வரியின் மகன். குழுவின் நடுத் தற்காப்பு. வயது முப்பத்திரண்டு. அவனுடைய ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்தானால்தான் சிம்பாங் அம்பாட்டில் பார்த்துவைத்திருக்கும் வீடு. அவன் மனைவி தனுஜாவுக்கு இது ஆறாவது மாதம்.

ஆள் சேர்ப்பு விஷயத்தில் மட்டும் நானும் நானாவும் ஒரே கட்சி. நிர்வாகம் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான இடத்தையெல்லாம் கோல் அடிப்பவர்களுக்கே கொடுத்துவிட்டது. பின்னால் ஹரீஷுக்கு மாற்று என்றால் இக்மல் ஒருவன்தான். வேகம் இருக்கிறது. நிதானம் இன்னும் பிறக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

நேற்று தைப்பூசம். ஹரீஷ் வருடா வருடம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவன். ஏறும்போது கூட்டத்தோடு கூட்டமாக, கொஞ்சம் மெதுவாக ஏறினான். இறங்கும்போதுதான் அதிசயம். சந்நிதியைப் பார்த்தபடியே, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, படி படியாகப் பின்னோக்கி இறங்கினான். மலையடிவரைக்கும்.

பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர் கை கூப்பிவிட்டார். "சாமிக்கு முதுகு காட்டாம இறங்குது பாருங்க இந்தப் பிள்ளை!"

கீழே வந்ததும் விபூதி பூசினேன். ஆள் நனைந்திருந்தான். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். பக்திதான், வேறென்ன.

பிப்ரவரி 13, வியாழன்

கடையில் அரங்கேற்றம். கம்பி பொன்னானதையும், புறாக்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டதையும், மேலிருந்து ஒரு குரல் "போதும் மகனே, திரும்பு" என்றதையும், இவன் "மாட்டேன்" என்றதையும் சொன்னேன். ரொட்டி சானாய் தட்டிக்கொண்டிருந்தவர் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

சீனி நானா என் குரலைப் பதிவுசெய்து ரசிகர் சங்கத்தின் வாட்சாப் குழுவில் போட்டுவிட்டார். மாலைக்குள் பேர் வைத்துவிட்டார்கள்: முருகனுக்கு முதுகு காட்டாதவன். பதாகை அடிக்கப்போகிறார்களாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தங்கை வீட்டில் காலைத் தோசை. பதாகைப் பெருமையைச் சொன்னேன். ஜெகா சிரிக்கவில்லை. சட்னிக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே சொன்னாள்: "அண்ணே, அவன் நம்ம வீட்டு மாடிப்படியிலயும் அப்படித்தான் இறங்குறான். தைப்பூசத்துக்கு முன்னாடியே."

அவள் வீட்டு மாடியில் எந்த முருகன் இருக்கிறார்?

பிப்ரவரி 17, திங்கள்

பயிற்சி முடிந்து வந்தவனைக் காடிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து மடக்கினேன். முதலில் சிரித்து மழுப்பினான். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"இடது முட்டி, மாமா. நேரா ஓடுனா ஒண்ணும் இல்ல. சட்டுனு திரும்புனா உள்ள ஏதோ சிக்கிக்குது. படி இறங்கும்போது மடக்க முடியல. பின்னால இறங்குனா வலி கம்மி."

"டாக்டர்கிட்ட?"

"ஸ்கேன் எடுத்தா கிளப்புக்குத் தெரிஞ்சிரும். கையெழுத்து ஆகட்டும், அப்புறம் எடுத்துக்கறேன். யார்கிட்டயும் சொல்லிராதீங்க. முக்கியமா நீங்க."

முக்கியமா நீங்க. மருமகன் என்னை நன்றாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறான்.

பிப்ரவரி 20, வியாழன்

கட்சி மாறினேன். வாழ்நாள் முழுக்க நடுக்கோட்டில் நிற்கும் வரிசைக்காகத் தொண்டை கிழித்தவன், இன்று கடையில் எழுந்து நின்று பிரகடனம் செய்தேன்: இனி நாலு பேர் தற்காப்பு வேண்டாம். மூன்று பேர். கோலுக்கு அருகிலேயே நிற்கட்டும். நடுவில் ஹரீஷ். இரண்டு பக்கமும் இளசுகள் ஓடட்டும். அவன் நின்ற இடத்தில் நின்று தலையால் முட்டி அனுப்பினால் போதும். திரும்பி ஓடும் வேலையே அவனுக்கு வேண்டாம்.

சீனி நானா என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். "இது நான் பத்து வருஷமா சொல்ற ஆட்டம்லா. நீதானே என்னைக் கிழவன்னு சொன்னே?"

"ஞானம் பிறந்திருச்சு நானா."

"உனக்கா? தைப்பூசத்துல வெயில் அதிகமோ?"

மூன்று கிளாஸ், ஐந்து கிளாஸ், டின்னை ஒட்டி, டின்னை விட்டு. மதியம் வரைக்கும் வாதாடினேன். கண்ணெதிரே முட்டி. வாயில் வியூகம். தற்காப்பைப் பற்றி இவ்வளவு மோசமாக நான் எப்போதும் பேசியதில்லை. ஜெயிக்கிறேனா என்பதே எனக்கு முக்கியமாக இல்லை. பயிற்றுநர் காதுக்குப் போய்ச் சேர்ந்தால் சரி.

பிப்ரவரி 22, சனி

பயிற்றுநருக்கு எங்கள் மேசை கேட்கவில்லை. அதே நடுக்கோட்டு வரிசை. இரண்டாம் பாதியில் எதிரணியின் ஓர ஆட்டக்காரன் நம் வரிசைக்குப் பின்னால் ஓட, பந்து ஹரீஷின் தலைக்கு மேல் போனது. அவன் திரும்பினான். இல்லை, திரும்பவில்லை. நின்ற இடத்திலேயே ஒரு வட்டம் போட்டான், பஸ் திரும்புகிற மாதிரி. கோல்.

எனக்குப் பின்வரிசையிலிருந்து ஒருவன்: "முருகனுக்கு முதுகு காட்டலை சரி, பந்துக்கு ஏன்டா காட்டுற?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துபோகுமே.

பிப்ரவரி 24, திங்கள்

மைக்கேல் கடைக்கு வந்தார். குழுவின் ஃபிசியோ, ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிப்பவர். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடும் அமைதியான பையன். என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அங்கிள், வாட்சாப்புல உங்க தைப்பூசக் கதை கேட்டேன். புறா எல்லாம் விடுங்க. அவர் உண்மையிலேயே பின்னால திரும்பித்தான் இறங்கினாரா?"

எல்லோரும் பக்தியைக் கேட்டார்கள். இவர் ஒருவர் முட்டியைக் கேட்டிருக்கிறார்.

"சும்மா ஒரு ஜோடனைலா மைக்கேல். எல்லாரையும் மாதிரிதான் இறங்கினான்."

"மேல இருந்து குரல் வந்துச்சுன்னீங்க?"

"அது என் குரலு."

சிரித்துக்கொண்டே எழுந்து போனார். என் பொய்க்கு இவ்வளவு சுலபமாக ஆள் கிடைத்ததே இல்லை.

மார்ச் 1, சனி

இன்னொரு ஆட்டம். சமன். அவன் முழு நேரமும் ஆடினான். முடிந்ததும் ரசிகர்களுக்குக் கையசைத்துவிட்டு உடைமாற்றும் அறைப் பக்கம் நடந்தான். அங்கே போகும் சுரங்கப் பாதையில் இறங்க மூன்று படிகள்தான். எல்லோரும் உள்ளே போகட்டும் என்று நின்றான்.

மார்ச் 3, திங்கள்

ஜெகா போன் செய்தாள். முட்டி இளநீர்க் காய் அளவுக்கு வீங்கியிருக்கிறதாம். அறைக்குள் ஐஸ் வைத்துக்கொண்டு கதவைத் திறக்கமாட்டேன் என்கிறானாம். "நீ சொன்னா கேப்பான்ணே." நான் சொன்னால் யார்தான் கேட்டிருக்கிறார்கள், சிரிப்பதற்குத் தவிர?

சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் கால் போகும். இதற்கு எந்த வரிசை போட்டு நிற்பது?

மார்ச் 7, வெள்ளி

நோன்பு மாதம் என்பதால் சீனி நானாவின் கடை மாலையில்தான் நிறைகிறது. நோன்பு திறந்த நேரம் மைக்கேல் வந்தார். அவருக்குத் தவக்காலம். தே குடிப்பதில்லை என்று விரதமாம், வெந்நீர் வாங்கிக்கொண்டார். நானாவுக்கு நோன்பு, இவருக்கு விரதம். வயிறு நிறைய உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

"மைக்கேல், அன்னைக்கு நான் சொன்னது பொய்."

"எது அங்கிள்? புறாவா?"

"ஜோடனைன்னு சொன்னேனே, அது."

அவர் நானாவைப் பார்த்துக் கண்ணடித்தார். "இப்ப என்ன, மயில் வந்து தூக்கிட்டுப் போச்சா?"

நானாவும் சேர்ந்துகொண்டார். "இரு தம்பி, அடுத்து ஹெலிகாப்டர் வரும்."

நாற்பது வருடமாக இந்த வாயை வளர்த்ததன் பலன் எதிரே உட்கார்ந்து சிரிக்கிறது. கைகால் ஆட்டி, குரலேற்றி, எப்படிச் சொன்னாலும் இன்னொரு கதையாகத்தான் விழும். கிளாஸ்கள் ஒன்றையும் நகர்த்தவில்லை.

"அவனுக்கு இடது முட்டியை மடக்க முடியல."

அவ்வளவுதான் சொன்னேன். பிறகு ஒன்றும் வரவில்லை. வாய் அப்படியே நின்றுவிட்டது.

மைக்கேல் சிரிப்பதை நிறுத்தினார். வெந்நீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். சீனி நானா என்னையே பார்த்தார். இத்தனை வருடத்தில் நான் ஒரே வரியோடு நிறுத்தி அவர் கேட்டதில்லை.

"எப்ப இருந்து அங்கிள்?" என்றார் மைக்கேல், மெதுவாக.

மார்ச் 8, சனி

அணிப் பட்டியலில் ஹரீஷ் பெயர் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

"உங்களுக்கு ஒரு கதை போதும்ல மாமா. என் வாழ்க்கைதான் கிடைச்சுதா?"

போனில் இவ்வளவுதான். வைத்துவிட்டான். நான் ஒரு கதையும் சொல்லலடா. சொல்லத் தெரியாம சொன்னேன். அதை எப்படிச் சொல்வது?

மார்ச் 12, புதன்

ஸ்கேன். முட்டிக்குள் குருத்தெலும்பு கிழிந்து மடிந்திருக்கிறது. இன்னும் ஒரு தடவை தப்பாகத் திரும்பியிருந்தால் தைக்கக்கூட எதுவும் மிஞ்சியிருக்காது என்றாராம் டாக்டர். மைக்கேல்தான் எனக்குச் சொன்னார். ஹரீஷ் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

நடுக்கோட்டு வரிசை. நாலு பேர். ஹரீஷ் இடத்தில் இக்மல். ஒரு பந்துகூடப் பின்னால் விழவில்லை. விழப் பார்த்ததையும் ஓடிப் பிடித்தான் அந்தப் பையன். இரண்டு கோல் வித்தியாசத்தில் வெற்றி. எங்கள் குழு தப்பிவிட்டது.

சீனி நானா என் முதுகில் தட்டினார். "உன் பழைய ஆட்டம்தான் சரி தம்பி. நீதான் ஜெயிச்ச." அவரே தோற்றதை ஒப்புக்கொண்ட ஒரே நாள். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த நாள். என்னால் ஒரு கிளாஸைக் கூட நகர்த்த முடியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

அறுவைச் சிகிச்சைக்கான செலவை கிளப் ஏற்றது. ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. சிம்பாங் அம்பாட் வீட்டை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். நாளை சித்திரைப் பிறப்பு. ஜெகா பாயசத்துக்குக் கூப்பிட்டாள். அவன் இருப்பானா என்று கேட்டேன். இருப்பான் என்றாள். போகவில்லை.

ஏப்ரல் 30, புதன்

கடையில் அடுத்த பருவத்துக்கு யாரை வாங்குவது என்று பெரிய சண்டை. என் பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டார்கள். ஆமாம் ஆமாம் என்றேன்.

மே 25, ஞாயிறு

பெண் குழந்தை. பிறந்து பத்து நாளுக்குமேல் ஆகிவிட்டது. இன்றுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. தங்கை வீட்டு முன்னறையில் மாடிப்படிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன், தீர்ப்புக்குக் காத்திருப்பவனைப் போல. கையில் குழந்தைக்குச் சட்டை வாங்கிய பை.

மேலே கதவு திறந்தது. ஹரீஷ் வந்தான், தோளில் குழந்தை. ஒரு கை கம்பியில். கீழே உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்தான். ஜெகா அடுப்படியிலிருந்து ஓடிவந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

இறங்கினான். முகம் எங்களைப் பார்த்தபடி. ஒரு படியில் நின்று மூச்சு விட்டான், அடுத்த படி. குழந்தை தூங்கியது.

கீழே வந்து அதை என் மடியில் வைத்தான். இரண்டரை மாதத்துக்குப் பிறகு பேசினான்.

"மூணு பேர் தற்காப்பாம். சுத்த மடத்தனம் மாமா. இக்மலுக்கு அந்த நடுக்கோட்டு வரிசைதான் சரி."

"ஞானம் பிறந்திருந்துச்சுடா அப்ப."

சிரிக்கவில்லை. சிரித்த மாதிரியும் இருந்தது. திங்கட்கிழமை பிறையில் ஒரு ஆலையில் நேர்காணலாம், என் பழைய இடத்துக்குப் பக்கத்துக் கட்டடம். "அங்க உங்களைத் தெரிஞ்சவங்க இருப்பாங்க. என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிராதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்."

சொல்லமாட்டேன் என்றேன்.

பின்னால் இதைப் படிக்கும் வரலாற்று ஆசிரியர்களுக்கு: பொன் கம்பி, வழிவிட்ட புறா, காற்று இறங்கிய பந்து, குழுவைக் காப்பாற்றிய ஜெயராஜ், எல்லாம் என் கைச்சரக்கு. அடித்துவிடுங்கள். அவன் முகம் காட்டிப் படி இறங்கினான். அது மட்டும் நடந்தது.